ஏத்தத்தில் சைக்கிள் நின்றால்: வன்னியிலிருந்து மலைக்கு ஓடுபவர்களுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் ஏத்தம் என்றால் குளக்கட்டுத்தான். கிளிநொச்சியில் இருக்கிற எங்களுக்கு இரணைமடுக் கட்டில் ஏறும் சரிவை விட்டால் வேறு மலை இல்லை. ஏறி முடிய ஒரு நிமிடம் எடுக்காது. மேலே போனால் 36 அடி தண்ணீர் பிடிக்கும் குளம் ஒரு பக்கம், வயல் மறுபக்கம், அவ்வளவுதான்.

ஆனால் எங்களோடு ஓடும் பெடியளுக்கு ஆசை வேறு. ஏ9 வீதியின் 321 கிலோமீற்றரும் கண்டியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. எங்கள் சந்தியில் நிற்கும் கிலோமீற்றர் கல்லில் இருப்பதும் கண்டிக் கணக்குத்தான். "அண்ணை, அந்த ஒண்டாம் நம்பர் கல்லை ஒருக்காப் பார்த்திட்டு வருவமே?" என்று ஒருவன் கேட்டதில் தொடங்கியது இது. வவுனியா வரை றோட்டு பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். மிகிந்தலை தாண்டியும் பெரிதாக ஒன்றும் தெரியாது. தம்புள்ளைக்குப் பிறகு நாவுல, நாலந்த என்று மெல்ல நிமிரத் தொடங்கும். மாத்தளை கழிந்ததும் பலகடுவவில் கொண்டை ஊசி வளைவுகள். சமதரையில் மாதக்கணக்காகத் தூங்கிக் கிடந்த பிழைகள் எல்லாம் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும்.

அப்படி எழும்பியவற்றை, அந்த நேரம் வாயில் வந்த சொல்லை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடிப் பிடித்து, காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். பிழை தெரிந்த இடமும் பிழை நடந்த இடமும் ஒன்றாக இருப்பது குறைவு. பலகடுவவில் தெரிவது பெரும்பாலும் வீட்டு விறாந்தையிலோ முதல் 30 கிலோமீற்றரிலோ செய்ததுதான்.

"கால் நல்லாத்தான் இருக்கு, சைக்கிள்தான் போகுதில்லை"

சமதரையில் 28, 30 வேகத்தில் போகிறவர் ஏத்தம் தொடங்கி இருநூறு மீற்றரில் பெடலைத் திருப்ப முடியாமல் நிற்கிறார். மூச்சு வாங்கவில்லை, தொடை மட்டும் கல்லாகிவிட்டது. இதற்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. இது பல்லுக் கணக்கு.

எங்களிடம் வரும் பழைய ஜப்பான் ரேசர்களில் முன்னால் 52, 39 பல்லுள்ள இரண்டு செயின் வீல் இருக்கும். பின் சில்லில் உள்ள பல்லுச் சக்கரங்களை நாங்கள் 'பல்லு' என்போம், அதில் மிகப் பெரியது 23 அல்லது 25. முன் 39, பின் 25 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின் சில்லு ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றும், சைக்கிள் 3.3 மீற்றர் அளவு நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று உழக்கினால் வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 12 கிலோமீற்றர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, சரிவு 6 சதவீதம் என்றால், அந்த வேகத்தில் உயரம் ஏறுவதற்கு மட்டும் 155 வாற்று அளவு சக்தி வேண்டும். காற்றும் உராய்வும் அதற்கு மேலே. மெதுவாகப் போனால் குறையுமே என்பீர்கள். மெதுவாகப் போனால் 60 சுற்று 45 ஆகும், ஒவ்வொரு மிதியும் கல் தூக்குவது போலாகும்.

அதே ஆள் முன் 34, பின் 32 போட்டால், அதே 60 சுற்றுக்கு வேகம் 8 கிலோமீற்றர். வேண்டிய சக்தி 105 வாற்று அளவுக்கு இறங்கிவிடும். ஒழுங்காகப் பயிற்சி செய்த ஒருவர் ஒரு மணித்தியாலம் தாங்கக்கூடிய அளவு அது. ஆள் மாறவில்லை, பல்லுத்தான் மாறியது.

மாற்றப் போகிறவர்கள் மூன்று விடயம் பார்க்க வேண்டும். முன் செயின் வீலைப் பிடிக்கும் ஐந்து ஆணியும் அமைக்கும் வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீற்றர் என்றால் அதில் 38 பல்லுக்குக் குறைந்தது பொருந்தாது. 34 வேண்டுமென்றால் அந்த வட்டம் 110 மில்லிமீற்றர் உள்ள கிராங் (பெடல் பூட்டும் தண்டு) வேண்டும். பின்னால் 32 போட்டால், செயினைப் பல்லுக்குப் பல்லு மாற்றும் பின் கியர் பழைய குட்டைக்கால் வகை என்றால் அதை எட்டாது; பல கியர்கள் 28க்கு மேல் தாங்கா. மூன்றாவது செயின் நீளம். முன் பெரியது, பின் பெரியது இரண்டிலும் செயினை ஏற்றிக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பின் கியரின் கால் முன்பக்கமாக இழுபட்டு நீட்டி நிமிர்ந்து நின்றால் செயின் கட்டை. அப்படியே றோட்டில் எடுத்துக்கொண்டு போனால் ஒருநாள் கியரே பிய்ந்து கையில் வரும்.

பல்லு சரி, ஆனாலும் பாரம் என்றால் உழக்கும் விதத்தைப் பாருங்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பெடலைச் சுற்றுவது பெரும்பாலும் வீட்டில் இளையவனின் வேலை. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் விழுங்கப்படும், மாமா ஒருவர் சத்தம் போடுவார். ஆவேசமாகச் சுற்றிப் பிறகு ஓய்ந்தாலும் சத்தம்தான். ஒரே சீராக வேண்டும். ஏத்தத்தில் உழக்குவதும் அதுதான். சமதரையில் 85, 90 சுற்று, ஏத்தத்தில் 70க்குக் குறையாமல். குறைகிறதென்றால் அது பல்லு மாற்ற வேண்டிய இடம், பல்லைக் கடிக்க வேண்டிய இடமில்லை.

இன்னொன்று, பலர் பார்க்காதது: பிறேக். சைக்கிளைத் தூக்கிச் சில்லைச் சுற்றிவிட்டால் உரசாது. ஆனால் ஏத்தத்தில் எழும்பி நின்று உழக்கும்போது சில்லு வளைந்து பிறேக் கட்டையில் 'சிர்... சிர்...' என்று ஒவ்வொரு மிதிக்கும் தொடும். சில்லின் நடுவில் உள்ள ஹப் ஆட்டம் கண்டிருக்கும், அல்லது சில்லுக் கம்பி இரண்டு தளர்ந்திருக்கும். சில்லை இரு பக்கமும் கையால் ஆட்டிப் பாருங்கள். பிறேக்கைத் தளர்த்திவிடுவது அன்றைக்கு வீடு வந்து சேரப் போதும், மருந்தாகாது.

ஏத்தம் தாங்கவில்லை என்று றோட்டை வளைத்து வளைத்து ஓடுவது மட்டும் வேண்டாம். ஏ9 இல் உங்களுக்குப் பின்னால் வரும் பஸ், நீங்கள் நேராகப் போவீர்கள் என்று நம்பித்தான் வருகிறது. இறங்கித் தள்ளுங்கள்.

"சமதரைதானே, ஏன் இந்தப் பாரம்?"

காற்று. ஆடி மாதம் பரந்தனிலிருந்து ஆனையிறவுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். போகும்போது 'நான் இவ்வளவு கெட்டிக்காரனா' என்று தோன்றும். திரும்பும்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கணக்குத் தீர்க்கும். மார்கழி, தையில் வடகிழக்கு வாடைக்காற்று இதையே மறுவளமாகச் செய்யும்.

மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்காற்றில் 20 வேகத்தில் போவது, காற்றில்லாத நாளில் கிட்டத்தட்ட இரண்டரை சதவீத ஏத்தம் ஏறுவதற்குச் சமன். மலையில்லாத எங்களுக்கு இது வரம். குளக்கட்டில் ஒரு தரம் ஏறினால் பத்து மீற்றர் என்று வைத்தாலும், 500 மீற்றர் அளவில் இருக்கும் கண்டி உயரத்துக்கு ஐம்பது தரம் ஏறி இறங்க வேண்டும். நான் ஒருக்கா இருபத்திரண்டு வரை எண்ணினேன். கட்டில் மாடு மேய்த்த ஐயா, "தம்பி, ஏதும் துலைச்சுப் போட்டியளோ?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். எதிர்காற்றில் ஹாண்டிலைக் கீழே பிடித்து, சீராக, ஒரு மணித்தியாலம் உழக்குவது அதைவிட நல்ல பயிற்சி. மலையைப் போலவே காற்றும் நீங்கள் உழக்குவதை நிறுத்தினால் உங்களை உடனே நிறுத்திவிடும்.

"செயின் பாயுது"

அழுத்தி மிதிக்கும்போது 'டக்' என்று ஒரு பல்லுத் தாண்டிப் பாய்கிறது. எழும்பி நிற்கும்போது இது நடந்தால் நெஞ்சு போய் ஹாண்டிலில் அடிக்கும். எங்கே பாய்கிறது என்று முதலில் பாருங்கள்.

எல்லாப் பல்லிலும் பாய்ந்தால் செயின் தேய்ந்திருக்கிறது. பள்ளிக்கூட அடிமட்டம் போதும். செயினில் ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். 12 அங்குலத்தில் இன்னொரு ஆணியின் நடு சரியாக வந்தால் நல்லது. பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒன்று தாண்டியிருந்தால் பின் பிறீவீலும் (பின் பல்லுகளின் தொகுதி) போய்விட்டது. கிரவல் றோட்டில் ஓடுகிறவர்கள் இதை மாதம் ஒருதரம் பாருங்கள். செம்மண் தூசியும் ஒயிலும் சேர்ந்தால் அரம்.

புதுச் செயின் போட்ட அடுத்த நாளே பாய்ந்தால் பிழை செயினில் இல்லை, பழைய பிறீவீலில். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல்லு புதுச் செயினைப் பிடிக்காது. எனக்கு இது நடந்தது. கடைக்காரர் செயினை மட்டும் மாற்றி, "இனி ஒரு வருசத்துக்குப் பயமில்லை" என்று அனுப்பினார். நானும் காசு மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். ஓமந்தை தாண்டுவதற்குள் மூன்று தரம் பாய்ந்தது. அந்த நாள் முழுக்க, நல்லாக இருந்த இரண்டு பல்லில் மட்டும் ஓடினேன்.

ஒரே ஒரு பல்லில் மட்டும் பாய்ந்தால், நீங்கள் அதிகம் பாவிக்கும் பல்லு அதுவாக இருக்கும், தேய்ந்திருக்கும். எந்தப் பல்லில் போட்டாலும் சில சுற்றுக்கு ஒருதரம் ஒழுங்காகத் துள்ளினால் ஒரு இணைப்பு இறுகியிருக்கிறது. பெடலைக் கையால் பின்பக்கம் மெல்லச் சுற்றி, பின் கியரின் சின்னச் சில்லுகளுக்குள் செயின் போவதைப் பாருங்கள். மடங்காமல் விறைத்துக்கொண்டு வரும் இணைப்பு கண்ணில் படும். ஒயில் ஒரு துளி விட்டு, இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெல்ல வளைத்தால் இளகும்.

பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கிச் சத்தம் போட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பின் கியருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகியை இடஞ்சுழியாக அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். ஒரே நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

செயின் முன்னால் உள்பக்கம் விழுகிறதா? ஏத்தத்தில் நடுவழியில், முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே சின்ன செயின் வீலுக்கு மாற்றியிருப்பீர்கள். சரிவு தொடங்க இருபது மீற்றர் முன்னாலேயே, ஒரு மிதியை இலேசாக்கி மாற்றுங்கள். மலை பழகாத எங்கள் எல்லாருக்கும் இது வரும், ஏனென்றால் சமதரையில் முன் கியரைத் தொடும் தேவையே எங்களுக்கு வருவதில்லை.

பின் பெரிய பல்லுக்குப் போகும்போது கியர் சில்லுக் கம்பியில் 'டிங் டிங்' என்று தட்டினால் உடனே இறங்குங்கள். 'இன்னும் கொஞ்சம்தானே' என்று இன்னொரு மிதி மிதித்தால் கியர் கம்பிக்குள் போய்ச் சில்லையும் சேர்த்து முறித்துவிடும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்து, கியரைப் பிடிக்கும் அலுமினியக் காது உள்ளே வளைந்திருக்கும். வீடு வரும்வரை அந்தப் பெரிய பல்லைத் தொடாதீர்கள்.

"எங்கேயோ கிறீச் எண்டுது"

இதில்தான் நாங்கள் அதிகம் நேரம் வீணாக்குகிறோம். சட்டகம் குழாய், ஒரு மூலையில் வரும் சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். காதை நம்பாமல் வரிசையாக நீக்கிப் பாருங்கள்.

ஓடிக்கொண்டே எழும்பி நில்லுங்கள். சத்தம் நின்றால் சீற்றோ சீற் தண்டோ. தண்டைக் கழற்றித் துடைத்து, மெல்லக் கிறீஸ் பூசி, பழைய உயரத்துக்கே போடுங்கள். கழற்ற முன் உயரத்தில் ஒரு கோடு கீறிவையுங்கள், இல்லாவிட்டால் சத்தத்தைத் தீர்த்து முழங்கால் நோவை வாங்குவீர்கள். கார்பன் தண்டுக்குக் கிறீஸ் ஆகாது, அதற்கு வேறு பசை இருக்கிறது.

உழக்காமல் உருளவிட்டும் சத்தம் வந்தால் சில்லு: கம்பி, ஹப், அச்சை இறுக்கும் நெம்பு. கடைசிச் சாமான்தான் முதலில் பார்க்க வேண்டியது. கழற்றித் துடைத்து இறுக்குவதோடு பாதிச் சத்தங்கள் போய்விடும்.

உழக்கும்போது மட்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால், ஒற்றைக் காலால் உழக்குங்கள். வலக்காலில் வந்து இடக்காலில் வராவிட்டால் அந்தப் பக்கத்துப் பெடல் அல்லது சப்பாத்தைப் பெடலில் பூட்டும் கிளீற். இரண்டிலும் வந்தால் செயின் வீல் ஆணிகள், பிறகு கிராங் அச்சு. இடப்பக்கப் பெடலின் புரி மறுவளமானது என்பதை மறக்க வேண்டாம். அதை மறந்து கிராங்கைக் கெடுத்த சைக்கிள்கள் எங்கள் ஊரில் குறைவில்லை.

"காத்துப் போட்டுது"

ஒட்டுப் போடுவது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஏன் போனது என்று பார்ப்பதுதான் குறைவு. ரியூப்பைக் கழற்றும்போது, ரயரில் எழுத்து இருக்கும் இடமும் வால்வும் ஒரே நேராக இருக்கும்படி முன்னரே மாட்டியிருந்தால், ஓட்டை ரயரின் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று உடனே தெரியும். ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்.

வெளிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை என்றால் முள். எங்கள் பக்கம் பெரும்பாலும் நெருஞ்சி. வீதியோரத்தில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும், காய்ந்த காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி இருக்கும். கதை என்னவென்றால், ரியூப்பை மாற்றிவிட்டு முள்ளை ரயரிலேயே விட்டுவிடுகிறோம். அரை மணியில் மறுபடியும். ரயரின் உள்பக்கத்தைச் சுற்றி ஒரு துணியால் தடவுங்கள், துணி கொழுவும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவ வேண்டாம், கம்பித் துண்டு இருந்தால் விரலும் பஞ்சர்.

பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை என்றால், காற்றுக் குறைவாக இருந்து குழியில் ரிம் ரியூப்பைக் கடித்தது. உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ரிம் நாடா விலகிக் கம்பித் துளையின் விளிம்பு வெட்டியிருக்கிறது. நாடாவைச் சரி செய்யாமல் எத்தனை ரியூப் போட்டாலும் போகும். வால்வின் அடியில் கிழிந்தால் பம்ப் அடிக்கும்போது வால்வை ஆட்டியிருக்கிறீர்கள்.

ரயரின் பக்கச் சுவர் வெட்டுப்பட்டிருந்தால், பால்மா பைக்கற்றில் ஒரு துண்டு வெட்டி இரண்டாக மடித்து உள்ளே வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடியுங்கள். வீடு வரை தாங்கும். அதனால் எங்கள் பையில் ஒரு வெறும் பைக்கற் எப்போதும் இருக்கும்.

வால்வு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைகள் வால்கட்டை போட்ட ரியூப்புக்குப் பழகியவை. ரோட் பைக்கில் இருக்கும் மெல்லிய நீள வால்வு ரியூப்பை மாங்குளத்திலோ கனகராயன்குளத்திலோ கேட்டுப் பிரயோசனமில்லை. இரண்டு ரியூப் கையில் வேண்டும். மோட்டார் சைக்கிள் பம்பால் அடிக்க உதவும் சின்னப் பித்தளை அடப்ரர் ஒன்றும் வால்விலேயே மாட்டிவையுங்கள். அது இருந்தால் எந்த ரயர் கடையிலும் காற்று அடிக்கலாம்.

25 மில்லிமீற்றர் ரயருக்கு, 70, 75 கிலோ ஆளுக்கு 80 முதல் 90 பி.எஸ்.ஐ. போதும். ரயரில் எழுதியிருப்பது அதன் உச்ச அளவு, அதுவரை அடிக்க வேண்டும் என்று இல்லை. காலையில் 30 பாகையில் 90 அடித்த ரயர், கொளுத்தும் தாரில் 55 பாகை வரை சூடேறினால் 98, 99 ஆகும். அது வெடிக்கும் அளவில்லை. உச்சம் வரை அடித்துவிட்டு வெயிலில் நிறுத்தி வைத்தவர்கள்தான் 'டமார்' கேட்டவர்கள்.

ஒட்டுப் போட எங்கே இறங்குகிறீர்கள் என்பதும் வன்னியில் ஒரு கேள்வி. கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நட்ட இடத்தில் நிழல் நல்லாக இருக்கிறது என்று உள்ளே போகாதீர்கள். மாங்குளம் முல்லைத்தீவு வீதி போன்ற காட்டு வழிகளில் பொழுதுபட்ட பிறகு குந்தியிருந்து ஒட்டுப் போடவும் வேண்டாம். யானை சத்தமில்லாமல்தான் வரும். சந்தி வரை உருட்டுங்கள்.

"லைற் நூந்த மாதிரி இருக்கு"

இது சைக்கிளில் இல்லை, ஆளில். இரண்டு மணித்தியாலம் நல்லாக வந்தவர் ஐந்து நிமிடத்துக்குள் காலியாகிவிடுவார். கொட்டாவி, குளிர் வியர்வை, காரணமில்லாத கோபம். எங்கள் சோதனை: "மாத்தளைக்கு இன்னும் எவ்வளவு?" என்று கேட்பது. மாத்தளை கண்டியிலிருந்து 26 கிலோமீற்றர் அளவு. கல்லில் இருக்கிற எண்ணிலிருந்து 26 ஐக் கழித்தால் சரி. கழிக்க முடியாமல் முழித்தால், அல்லது "உனக்கென்ன?" என்று ஏறி விழுந்தால், அவருக்குச் சாப்பாடு வேண்டும்.

உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து, பலமாக உழக்கினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் தீரும். தீர்ந்த பிறகு சாப்பிட்டால் ஏறி வர அரை மணி பிடிக்கும். அதனால் பசிக்க முன்னரே, முதல் முக்கால் மணியிலிருந்து, மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு. கதலி சின்னது, இரண்டு வேண்டும். பனங்கட்டி பெரும்பகுதி சீனிதான், ஒரு குட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஏறலாம். பேரீச்சம்பழம், ஜாம் பூசிய பணிஸ் எல்லாம் சரி. கடையில் விற்கும் ஜெல் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை.

கச்சான் மட்டும் பொறுங்கள். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் ஏ9 இல் யார் போவது? வாங்குங்கள், பையில் வையுங்கள். கச்சானில் பாதி எண்ணெய். வயிற்றில் மெல்லத்தான் கரையும், காலுக்கு உடனே உதவாது. திரும்பி வரும்போது கொறிக்கலாம்.

"கெண்டை இழுத்துப் பிடிக்குது", "தலை இடிக்குது"

பிடித்தால் இறங்கிக் காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். விட்ட பிறகு இரண்டு பல்லு இலேசாக்கி ஓடவும். பெரும்பாலும் பழகாத பாரத்தை மிதித்ததால் வந்தது, முதல் அறிகுறியில் சொன்ன பல்லுக் கணக்குத்தான். உப்பும் தண்ணீரும் குறைந்தாலும் களைப்பு முந்தி வந்து அதைக் கூட்டும்.

வன்னி வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேல் வியர்வை போகலாம். உங்கள் கணக்கை நீங்களே பிடியுங்கள்: ஒரு மணி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒரு கிலோ ஒரு லீற்றர். குடித்ததை அதோடு கூட்டுங்கள். ஒரு போத்தலில் வெறும் தண்ணீர், மற்றதில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்), பைக்கற்றில் எழுதிய அளவுக்கே கரைத்தது. தேசிக்காய், சீனி, உப்புப் போட்ட தண்ணீரும் உதவும். வழியில் மோர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் தலையிடி வந்ததும் தண்ணீர் குறைவு என்று முடிவெடுக்க வேண்டாம். லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தவருக்கும் தலையிடி, ஓங்காளம், கைவிரல் வீக்கம் வரும். இரத்தத்தில் உப்புச் செறிவு இறங்கியிருக்கும். அவருக்கு இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. 'எவ்வளவு குடிச்சனீர், சலம் போனதா?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பேச்சுத் தடுமாறினால், நடை தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் இது பயிற்சிப் பிரச்சினை இல்லை, வெப்பத் தாக்கம். நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, கையில் இருக்கும் தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. வருமட்டும் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

நோவுகள், சுருக்கமாக

முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் அளவுக்கு மீறிப் பதிவாக இருக்கிறது, பின்பக்கம் நொந்தால் அளவுக்கு மீறி உயரமாக இருக்கிறது. குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும்; அதுதான் தொடக்க உயரம், பிறகு ஐந்து மில்லிமீற்றர் ஐந்து மில்லிமீற்றராக மாற்றுங்கள். நாரி நோ ஏத்தத்தில் மட்டும் வந்தால் பாரப் பல்லு. சமதரையிலும் வந்தால் ஹாண்டில் எட்டத்தில் இருக்கிறது. சின்ன விரலும் பக்கத்து விரலும் விறைத்தால் உள்ளங்கை ஓரத்தில் நரம்பு அமர்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பிடியை மாற்றுங்கள். கீழ்ப்பக்கம் விறைத்தால் சீற்றின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

"இறக்கத்தில் ஹாண்டில் உதறுது", "பிறேக் பிடிக்குதில்லை"

ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்களுக்கு உண்மையில் தெரியாதது இறங்குவது. குளக்கட்டு இறக்கம் பிறேக்கைத் தொட முன் முடிந்துவிடும்.

பலகடுவவிலிருந்து அக்குறணைப் பக்கம் இறங்கும்போது பிறேக்கைப் பிடித்தபடியே வந்தால், ரிம் பிறேக் உள்ள சைக்கிளில் ரிம் சுடும். கார்பன் ரிம் என்றால் இன்னும் கவனம். சூட்டில் ரியூப் வெடிக்கலாம், பழைய ஒட்டுக் கழன்றும் போகலாம். வளைவுக்கு முன்னால் நேரான துண்டில் இரண்டு பிறேக்கையும் நல்லாகப் பிடித்து வேகத்தை இறக்குங்கள், பிறகு விடுங்கள், வளைவுக்குள் பிடிக்க வேண்டாம். முன் பிறேக்குத்தான் அதிகம் நிறுத்தும், பயந்து பின்னதை மட்டும் பிடிக்கிறவர்கள்தான் வழுக்குகிறார்கள். வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே, பாரம் அந்தக் காலில்.

மழையில் ரிம் நனைந்திருந்தால் முதல் இரண்டு மூன்று சுற்று பிறேக் பிடிக்காது. தண்ணீர் துடைபட்ட பிறகு சட்டென்று பிடிக்கும். அதனால் முன்கூட்டியே மெல்லத் தொட்டுக் காயவையுங்கள். பிறேக் கட்டை மினுங்கினால் சான்ட்பேப்பரால் உரசுங்கள், கல்லோ அலுமினியத் துருவலோ ஏறியிருந்தால் ஊசியால் கிண்டி எடுங்கள். டிஸ்க் பிறேக் அலறினால் செயினுக்கு விசிறிய ஒயில் தட்டில் பட்டிருக்கும். தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், கட்டையில் ஊறிவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

வேகம் கூடியதும் ஹாண்டில் இடம் வலமாக உதறத் தொடங்கினால், இறுக்கிப் பிடிப்பது இயல்பு. அதுதான் பிழை. பாரை இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடியுங்கள், கைப்பிடியை இளக்குங்கள், சீற்றிலிருந்து பாரத்தைக் கொஞ்சம் தூக்குங்கள், பின் பிறேக்கை மெல்லத் தொடுங்கள். அடங்கும். நின்ற பிறகு ஹாண்டில் தண்டு சுழலும் முன் கிண்ணம் தளர்ந்திருக்கிறதா, கம்பி உடைந்திருக்கிறதா, சில்லு நெளிவா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் குளிரிலோ பயத்திலோ தோள் விறைத்திருந்தது.

"கியர் கழண்டு கையில வந்திட்டுது"

கியர் பிடிக்கும் காது முறிந்தால் றோட்டில் ஒட்ட முடியாது. செயினை வெட்டிப் பூட்டும் கருவி கையில் இருந்தால் கியரைத் தவிர்த்து, முன் சின்ன செயின் வீலுக்கும் பின்னால் நடுவில் உள்ள ஒரு பல்லுக்கும் நேராகச் செயினைக் குறுக்கிப் பூட்டலாம். அழுத்தாமல் உழக்கினால் அடுத்த ரவுண் வரை வரும். தள்ளாடாத நேர்கோட்டுப் பல்லைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் செயின் தானாகப் பெரிய பல்லில் ஏறி இறுகும்.

அந்தக் கருவி இல்லாவிட்டால் பஸ்தான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியோரம் நாங்கள் அப்படி ஒருநாள் நின்றோம். முதல் பஸ் நிற்கவில்லை, இரண்டாவது நின்றது. முன் சில்லைக் கழற்றி, செயினில் பழைய சாரத் துணியைச் சுற்றியிருந்ததால் கொண்டக்டர் பின்பக்கம் வைக்கச் சம்மதித்தார். சைக்கிளுக்கும் ஒரு ரிக்கற் எழுதினார். ஒண்டாம் நம்பர் கல்லைப் பார்க்க வேண்டும் என்றவன், "அது கல்லுத்தானே அண்ணை, ஓடியே போயிடும்?" என்று சொல்லிக்கொண்டு ஜன்னலோரம் நித்திரையாகிவிட்டான். காது புதிதாக வர மூன்று கிழமை எடுத்தது. இப்போது பையில் ஒன்று கூடுதலாக இருக்கிறது, ரியூப் இரண்டுக்கும் பால்மா பைக்கற்றுக்கும் பக்கத்தில்.